பணிப்பெண் வேடத்திற்குப் பெருமை சேர்த்த எஸ்தர் ரோல் அம்மையார்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில், கடல் கடந்த நாட்டில் வாழ்ந்து மறைந்த ஒரு தொலைக்காட்சி நடிகையின் வரலாற்றை எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். கல்விமான்கள், சட்ட வல்லுநர்கள், சீர்திருத்தப் பெரியார்கள் ஆகியோரின் வரலாறுகளே இத்தகைய மலர்களில் இடம்பெறுவது வழக்கம். ஆயினும், ஒடுக்கப்பட்ட ஒரு சமுதாயத்தின் பிள்ளைகளைத் திரையில் எவ்வாறு காட்டுவது என்னும் கேள்விக்காகத் தம் பிழைப்பையே பணயம் வைத்த ஒருவரின் வரலாறு கல்வி வரலாற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது என்று நாம் கருதுகிறோம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாழ்வை நம் முன்னோடிகள் அயலார் வாழ்வாக எண்ணியதில்லை. மகாத்மா ஜோதிராவ் பூலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். பாபாசாகேப் அம்பேத்கர் 1946இல் கறுப்பினப் பேரறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையும் ஒத்திருப்பதைச் சுட்டினார். அந்த உறவின் தொடர்ச்சியாகவே எஸ்தர் ரோல் அம்மையாரின் வாழ்க்கையை இங்குச் சுருக்கமாகத் தருகிறோம்.

பிறப்பும் கல்வியும்

எஸ்தர் ரோல் 1920ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், அமெரிக்காவின் தென்பகுதி மாநிலமான புளோரிடாவில், பொம்பானோ பீச் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஜானதன் ரோல், தாயார் எலிசபெத். இருவரும் பஹாமாத் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். தந்தையார் காய்கறி பயிரிடும் உழவர். அப்பெற்றோருக்குப் பிறந்த 18 மக்களுள் எஸ்தர் பத்தாமவர். அவருடைய சகோதரியருள் எஸ்டெல் இவான்ஸ், ரோசன்னா கார்ட்டர் ஆகிய இருவரும் பின்னாளில் நடிகையராயினர்.

அக்காலத்தில் புளோரிடாவில் வெள்ளையர் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிப்பதை மாநில அரசியல் சட்டமே தடை செய்திருந்தது. பள்ளி வேறு என்பதோடு கொடுமை நிற்கவில்லை; படிக்கும் காலமும் வேறாக இருந்தது. பொம்பானோ பீச் அடங்கிய பிரவார்டு மாவட்டத்தில், குளிர்கால விளைச்சலைப் பறிக்கும் பருவம் வந்ததும் கறுப்பினப் பள்ளிகள் மூடப்பட்டன. பீன்ஸ் பறிப்பதற்குப் பிள்ளைகளின் கைகள் தோட்ட உடைமையாளர்களுக்குத் தேவைப்பட்டன. வெள்ளையர் பிள்ளைகள் வகுப்பில் இருந்த அதே நாட்களில் கறுப்பினப் பிள்ளைகள் வயலில் இருந்தனர். அறுவடைக்காகப் பள்ளிப் படிப்பை இழந்த தலைமுறைகளை நாமும் அறிவோம். ஆதலால் இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இத்தகைய மாவட்டத்தில் பிறந்த எஸ்தர், மயாமி நகரில் புக்கர் டி. வாஷிங்டன் பெயரால் அமைந்த உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். பின்னர் அட்லாண்டா நகரில் கறுப்பினப் பெண்களுக்கென நிறுவப்பட்ட ஸ்பெல்மன் கல்லூரியில் சிறிது காலம் பயின்றார். அங்கிருந்து நியூயார்க் சென்று ஹன்டர் கல்லூரியிலும், சமூக ஆராய்ச்சிக்கான 'நியூ ஸ்கூல்' என்னும் கல்வி நிலையத்திலும் படிப்பைத் தொடர்ந்தார்.

நெடுங்காலக் காத்திருப்பு

நியூயார்க் நகரில் கலை அவருக்குச் சோறு போடவில்லை. ஆயத்த ஆடைகள் தைக்கப்படும் தொழிற்பகுதியில் பல ஆண்டுகள் வேலை செய்து வயிறு வளர்த்தார். மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனிலிருந்து வந்த அசடாட்டா டஃபோரா என்பவர் நடத்திய ஆப்பிரிக்க நடனக் குழுவில் சேர்ந்து ஆடினார். 1960இல் அக்குழுவின் இயக்குநர் பொறுப்பும் அவரிடம் வந்தது. தம் முன்னோரின் கலையைத் தாழ்வாக எண்ணும்படி பழக்கப்பட்ட மக்களிடையே, ஆப்பிரிக்க ஆடலை அரங்கில் நிமிர்ந்து நின்று ஆடிய அனுபவம் அவருக்குப் பின்னாளில் பெருந்துணையாக இருந்திருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம்.

நாடக மேடையில் அவர் குறிப்பிடத்தக்க இடம் பெற்றபோது வயது நாற்பதைக் கடந்திருந்தது. 1962இல் ழான் ஜெனே எழுதிய 'தி பிளாக்ஸ்' நாடகத்தில் நடித்தார். 1967இல் நியூயார்க்கில் 'நீக்ரோ என்செம்பிள் கம்பெனி' என்னும் நாடகக் குழு தோன்றியது. கறுப்பினக் கலைஞர்கள் தம் வாழ்வைத் தாமே எழுதித் தாமே நடிக்க வேண்டும் என்னும் நோக்குடன் அமைந்த அக்குழுவின் தொடக்க காலக் கலைஞர்களுள் எஸ்தரும் ஒருவர். இவ்வாறு ஊதியம் குறைந்ததும் மதிப்பு நிறைந்ததுமான மேடையில் அவர் பயிற்சி பெற்றார். தொலைக்காட்சியின் கதவு திறந்தபோது அவருக்கு வயது 51.

திரையில் பணிப்பெண்

அந்தக் கதவு எத்தகையது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்கத் திரைப்படங்களில் கறுப்பினப் பெண்களுக்கெனப் பெரும்பாலும் ஒதுக்கப்பட்ட வேடம் வீட்டு வேலைக்காரி வேடமே. 1940இல் ஆஸ்கார் பரிசு பெற்ற முதல் கறுப்பினக் கலைஞரான ஹாட்டி மெக்டானியல் அதைப் பெற்றது பணிப்பெண் வேடத்திற்காகத்தான். பரிசளிப்பு நாளன்று அவர் தம் படக்குழுவினரோடு அமர இயலாமல் ஒதுக்குப்புறமாக இடப்பட்ட தனி மேசையில் அமர வைக்கப்பட்டார். 1950இல் தொலைக்காட்சியில் தொடங்கிய 'பியூலா' என்னும் நகைச்சுவைத் தொடரின் தலைவியும் வெள்ளையர் வீட்டுப் பணிப்பெண்ணே.

இப்பணிப்பெண்கள் எப்போதும் சிரித்த முகத்தோடு இருப்பார்கள். எசமானர் வீட்டுப் பிள்ளைகளைத் தம் உயிரினும் மேலாக நேசிப்பார்கள். அவர்களுக்கென ஒரு வீடு உண்டா, கணவன் உண்டா, வீட்டில் பசியோடு காத்திருக்கும் பிள்ளைகள் உண்டா என்பதைக் கதை எழுதியோர் கேட்டதில்லை. உண்மையில் பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கித் தம் பிள்ளைகளைப் படிக்க வைத்த இலட்சக்கணக்கான தாய்மார்கள் அந்நாட்டில் வாழ்ந்தனர். அவர்களுடைய வாழ்வு திரைக்கு வரவில்லை. எஸ்தர் வெறுத்தது இந்தப் பொய்யைத்தான். வேலைக்காரப் பெண்ணை அவர் ஒருபோதும் இழிவாக எண்ணவில்லை. வேலைக்காரப் பெண்ணைக் குறித்துச் சொல்லப்பட்ட பொய்க்குத் துணைபோக மாட்டேன் என்பதே அவர் நிலை.

1972இல் நார்மன் லியர் என்னும் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் 'மோட்' என்னும் நகைச்சுவைத் தொடரைத் தொடங்கினார். அதில் பணிப்பெண் வேடத்திற்கு எஸ்தரை அழைத்தார். எஸ்தர் முதலில் மறுத்தார். தன் மனத்தில் பட்டதைப் பேசும் உரிமை அந்தப் பாத்திரத்திற்கு உண்டு என்ற உறுதி கிடைத்த பிறகே இசைந்தார். புளோரிடா இவான்ஸ் என்னும் அந்தப் பாத்திரத்தின் பெயர் அவர் பிறந்த மாநிலத்தின் பெயராகவே அமைந்தது.

தாராள மனம் படைத்தவளாகத் தன்னைக் கருதிக்கொள்ளும் வீட்டுத் தலைவி மோட், வேலைக்கு வந்த புளோரிடாவைச் சமமாக நடத்துவதாகச் சொல்லிப் படுத்தும் பாடே அப்பாத்திரம் அறிமுகமான கதையின் நகைச்சுவை. தான் எப்படி நடத்தப்பட வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கும் பெண்ணாக எஸ்தர் அவ்வேடத்தை நடித்தார். அந்தக் கதையில் பார்வையாளர்களின் சிரிப்பு வேலைக்காரியின் மீது விழாமல் எசமானியின் போலிப் பெருந்தன்மையின் மீது விழுந்தது.

தந்தை வேண்டும் என்ற நிபந்தனை

புளோரிடா பாத்திரம் பெற்ற வரவேற்பைக் கண்டு, அவரை மையமாக வைத்தே தனித்தொடர் ஒன்று திட்டமிடப்பட்டது. 'நல்ல காலம்' என்று பொருள்படும் 'குட் டைம்ஸ்' என்பது அதன் பெயர். சிகாகோ நகரின் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் ஏழைக் கறுப்பினக் குடும்பம் ஒன்றின் கதை அது. கதையை உருவாக்கியவர்கள் எரிக் மான்ட்டி, மைக் இவான்ஸ் என்னும் இரு கறுப்பின இளைஞர்கள். மான்ட்டி சிகாகோவின் கப்ரீனி-கிரீன் குடியிருப்பிலேயே வளர்ந்தவர்.

தயாரிப்பு நிலையில் அக்குடும்பத்திற்குத் தந்தை இல்லை. தாய் மட்டுமே தன் பிள்ளைகளை வளர்ப்பதாகத் திட்டம் அமைந்தது. எஸ்தர் இதை ஏற்கவில்லை. கறுப்பின வீடுகளில் தந்தையே இல்லை என்னும் எண்ணத்தை நாடெங்கும் பரப்பும் தொடரில் தாம் நடிக்க இயலாது என்று உறுதியாகக் கூறிவிட்டார். ஐம்பது வயதைக் கடந்த ஒரு நடிகை, தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கிடைத்த தலைமை வேடத்தை இந்த ஒரு காரணத்திற்காகக் கைவிடத் துணிந்தார் என்பதை நம் வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவர் சொல் வென்றது. ஜேம்ஸ் இவான்ஸ் என்னும் தந்தை பாத்திரம் சேர்க்கப்பட்டு, ஜான் ஆமோஸ் அவ்வேடத்தை ஏற்றார். 1974ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடர் தொடங்கியது. தாயும் தந்தையும் ஒருங்கே வாழும் கறுப்பினக் குடும்பத்தை மையமாகக் கொண்ட முதல் அமெரிக்க நகைச்சுவைத் தொடர் என அதைக் கூறுவர்.

முதல் கதையிலேயே தொடரின் தன்மை விளங்கியது. ஜேம்ஸ் தொழிற்பயிற்சி ஒன்றில் சேர விரும்புகிறான். வயது வரம்பைத் தாண்டிவிட்டான் என்று கூறி அவனைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். வாடகை, வேலையின்மை, பள்ளிக்கூடத்தின் பாகுபாடு ஆகியவையே வாரந்தோறும் கதைப் பொருளாயின. இளைய மகன் மைக்கேல் படிப்பில் ஆர்வம் மிக்கவன், துணிவுள்ளவன். நாட்டின் தந்தையெனப் போற்றப்படும் ஜார்ஜ் வாஷிங்டன் அடிமைகளை வைத்திருந்ததை வகுப்பில் எடுத்துச் சொல்லியதற்காக ஒரு கதையில் அவன் பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்படுகிறான். மற்றொரு கதையில் அறிவுத்திறன் தேர்வின் நடுவே எழுந்து வெளியேறுகிறான். வெள்ளையர் வீட்டுப் பழக்க வழக்கங்களை அறிந்த பிள்ளைக்கு மட்டுமே விடை தெரியும்படி வினாக்கள் அமைந்திருந்தால் அத்தேர்வு அறிவை எப்படி அளக்கும் என்பது அவன் கேள்வி. கல்விச் சங்கம் நடத்தும் நமக்கு இக்கேள்வி புதியதன்று.

நகைப்புக்குப் பலியான கல்வி

இரண்டாம் ஆண்டிலேயே நாட்டில் மிகுதியான மக்கள் பார்க்கும் தொடர்களின் வரிசையில் 'குட் டைம்ஸ்' 7ஆம் இடத்தை அடைந்தது. அந்த வெற்றியிலேயே கேடும் புகுந்தது.

மூத்த மகன் ஜே.ஜே. வேடத்தில் ஜிம்மி வாக்கர் என்னும் இளைஞர் நடித்தார். ஒல்லியான உருவம், துள்ளும் நடை, முழங்கிச் சொல்லும் ஒற்றைச் சொல் ஆகியவற்றால் அவர் பார்வையாளர்களைக் கவர்ந்தார். இத்தகைய தொடர்கள் அரங்கில் அமர்ந்திருக்கும் மக்களின் முன்னிலையிலேயே ஒளிப்பதிவு செய்யப்படுபவை. எந்த இடத்தில் சிரிப்பு எழுகிறது என்பது எழுத்தாளர்களுக்கு அப்பொழுதே தெரிந்துவிடும். சிரிப்பு எழுந்த இடத்தை அடுத்த வாரம் மேலும் பெரிதாக்குவார்கள். ஜே.ஜே.யின் கோமாளித்தனம் இவ்வாறு வாரந்தோறும் வளர்ந்தது. அவன் உருவத்தில் பொம்மைகள் கூடக் கடைகளுக்கு வந்தன. மைக்கேலின் கேள்விகளும் தந்தையின் போராட்டமும் பின்னுக்குத் தள்ளப்பட்டன.

எஸ்தர் மனம் நொந்தார். 1975இல் கறுப்பின மக்களின் புகழ்பெற்ற இதழான 'எபொனி'யில் தம் குறையை வெளிப்படையாகவே தெரிவித்தார். பதினெட்டு வயது நிரம்பிய ஒரு கறுப்பின இளைஞன் வேலைக்குப் போவதில்லை, எழுத்தறிவும் இல்லை, சிந்திப்பதும் இல்லை. அவனைத் தொடர் மேலும் மேலும் மூடனாக்குகிறது. நம் பிள்ளைகளுக்கு இவனையா வழிகாட்டியாக வைப்பது என்பதே அவர் கேட்டதன் சாரம். சக நடிகரின் திறமையை அவர் பழிக்கவில்லை. எழுதுவோரையும் தயாரிப்போரையுமே அவர் பொறுப்பாக்கினார். ஜான் ஆமோஸும் இதே குறையை ஓயாமல் எடுத்துரைத்தார். கறுப்பினக் குடும்பத்தின் கதையை எழுதும் அறையில் கறுப்பின எழுத்தாளர்கள் போதிய அளவு இல்லை என்பது அவர் வாதம்.

1976இல் ஆமோஸ் நீக்கப்பட்டார். கதையில் தந்தை ஜேம்ஸ் மிசிசிப்பி மாநிலத்தில் வாகன விபத்தில் இறந்ததாக எழுதப்பட்டது. எந்தத் தந்தைக்காக எஸ்தர் வாதாடினாரோ, அத்தந்தை மூன்றே ஆண்டுகளில் கொல்லப்பட்டார். அந்தக் கதையில் எஸ்தரின் நடிப்பு இன்றும் பேசப்படுகிறது. துக்க வீட்டில் பிள்ளைகளுக்காகக் கண்ணீரை அடக்கிக்கொண்டு திடமாக நடமாடும் புளோரிடா, இறுதியில் கையிலிருந்த கண்ணாடிப் பாத்திரத்தைத் தரையில் மோதி உடைத்துவிட்டு வாய்விட்டு அழுகிறாள். நகைச்சுவைத் தொடர் என்பதை மறந்து நாடே அழுதது என்பார்கள்.

அடுத்த ஆண்டு, 1977இல், எஸ்தரும் தொடரை விட்டு விலகினார். எவருடைய பாத்திரத்தை வைத்துத் தொடர் பிறந்ததோ அவரே இல்லாமல் அது ஓராண்டு நடந்தது. பார்ப்போர் தொகை குறையவே, தயாரிப்பாளர்கள் மீண்டும் அவரை அழைத்தனர். ஊதிய உயர்வோடு, கதைகள் தரமுள்ளவையாக அமைய வேண்டும் என்பதையும், ஜே.ஜே. பொறுப்புள்ளவனாகக் காட்டப்பட வேண்டும் என்பதையும் நிபந்தனைகளாக விதித்து 1978இல் திரும்பினார். 1979இல் தொடர் முடிவுற்றது. இறுதிக் கதையில் ஜே.ஜே. சித்திரக்கதை வரையும் தொழிலில் வெற்றி பெறுகிறான். மைக்கேல் கல்லூரி விடுதிக்குப் புறப்படுகிறான்.

அவர் முழு வெற்றி பெற்றார் என்று சொல்லுதல் உண்மையாகாது. இறந்த தந்தை திரும்பவில்லை. இத்தொடரைப் பற்றிப் பேசுவோர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜே.ஜே.யின் முழக்கமே. ஒருவர் தனித்து நின்று ஒரு பெருந்தொழிலின் போக்கை மாற்றிவிட முடியாது என்பதற்கு இது சான்று. எழுதும் இடத்தில் நம்மவர் இல்லாதபோது, நடிக்கும் இடத்தில் இருப்பவரின் மறுப்பு ஓரளவே பயன் தரும் என்பதே இதிலிருந்து நாம் அறியும் பாடம்.

பிற்கால வாழ்க்கை

தொடருக்கு வெளியே எஸ்தர் அம்மையாரின் நடிப்பாற்றல் முழுமையாக வெளிப்பட்டது. 1978இல் ஒளிபரப்பான 'சம்மர் ஆஃப் மை ஜெர்மன் சோல்ஜர்' என்னும் தொலைக்காட்சிப் படத்தில் நடித்தமைக்காக 1979இல் சிறந்த துணை நடிகைக்கான எம்மி விருது பெற்றார். அவ்வேடமும் வீட்டுப் பணிப்பெண் வேடமே. தாய் தந்தையரின் அன்பு கிடைக்காத சிறுமியிடம் அவளது மதிப்பை உணர்த்தும் அறிவுள்ள பெண்ணாக அதை அவர் நடித்தார். அதே 1979இல், மாயா ஏஞ்சலோவின் தன்வரலாற்றைத் தழுவிய தொலைக்காட்சிப் படத்தில் பாட்டியாக வந்தார். 1989இல் லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் த சன்' நாடகத்தின் தொலைக்காட்சி வடிவத்தில், டேனி குளோவரின் தாயாக, குடும்பத்திற்கென ஒரு வீடு வாங்கத் துடிக்கும் லீனா யங்கராக நடித்தார். அதே ஆண்டு வெளிவந்த 'டிரைவிங் மிஸ் டெய்சி' திரைப்படத்தில் ஐடெல்லா என்னும் சமையற்காரியாகவும் தோன்றினார்.

1997இல் வெளிவந்த 'ரோஸ்வுட்' திரைப்படத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். 1923இல் புளோரிடா மாநிலத்தில் ரோஸ்வுட் என்னும் கறுப்பினச் சிற்றூரை வெள்ளையர் கும்பல் தீயிட்டு அழித்தது, பலர் கொல்லப்பட்டனர். பல பத்தாண்டுகள் மூடி மறைக்கப்பட்ட அக்கொடுமைக்கு 1994இல்தான் மாநிலச் சட்டமன்றம் இழப்பீடு வழங்கச் சட்டம் இயற்றியது. அக்கலவரத்தில் உயிரிழந்த சாரா கேரியர் என்னும் மூதாட்டியாக எஸ்தர் நடித்தார். ரோஸ்வுட் எரிந்தபோது அவர் அதே மாநிலத்தில் இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தார்.

கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்காக உழைக்கும் தேசியச் சங்கம் 1990இல் குடியுரிமைத் தலைமைக்கான தன் தலைவர் விருதை அவருக்கு அளித்தது. அவ்விருதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. நடிகையாக இருந்து தம் மக்களின் மதிப்பைக் காத்ததற்கு அளிக்கப்பட்ட சிறப்பு அது.

அம்மையார் 1955இல் ஆஸ்கர் ராபின்சன் என்பவரை மணந்து 1975இல் மணவிலக்குப் பெற்றார். குழந்தைகள் இல்லை. திரையில் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தாயாகவும் பாட்டியாகவும் விளங்கிய அவர், நீரிழிவு நோயின் விளைவுகளால் 1998ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள், தம் 78ஆம் பிறந்தநாள் கழிந்து ஒன்பதே நாட்களில், கலிஃபோர்னியாவில் காலமானார். உடல் பிறந்த ஊரான பொம்பானோ பீச்சுக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. அவர் பெயரால் அமைந்த ஆவணத் தொகுப்பு ஒன்று ஃபோர்ட் லாடர்டேல் நகரிலுள்ள கறுப்பின ஆராய்ச்சி நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அந்நூலகம் இருப்பது பிரவார்டு மாவட்டத்திலேயே. பீன்ஸ் பறிப்பதற்காக எந்த மாவட்டத்தில் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் மூடப்பட்டனவோ, அந்த மாவட்டத்தில் அவர் பெயர் நூலகத்தில் நிலைத்துவிட்டது.

நிறைவுரை

எஸ்தர் ரோல் அம்மையார் கல்வி நிலையம் எதையும் நிறுவியவராக நாம் இவ்வரலாற்றை எழுதவில்லை. பிறர் வீட்டில் உழைக்கும் தாய்க்கு ஒரு வீடும், அவ்வீட்டில் ஒரு தந்தையும், படிக்கும் பிள்ளைகளும் உண்டு என்பதை நாடறியக் காட்டியவர் அவர். படிக்காத பிள்ளையைக் காட்டிச் சிரிக்க வைப்பதை எதிர்த்து, கைநிறையக் கிடைத்த ஊதியத்தை விட்டு வெளியேறியவர்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் முதல் தலைமுறைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வருகிறது. அப்பிள்ளைகள் மாலையில் வீடு திரும்பியதும் திரையின் முன் அமர்கின்றனர். அங்கே தம்மைப் போன்றவர்கள் எவ்வாறு காட்டப்படுகிறார்கள் என்பதையும் பெற்றோரும் ஆசிரியரும் அவர்களோடு சேர்ந்து பார்க்க வேண்டும். இழிவு கண்ட இடத்தில் வாய்திறந்து மறுக்க வேண்டும். நம் பிள்ளைகளுள் சிலராவது நாளை அக்கதைகளை எழுதும் இடத்திற்குச் செல்ல வேண்டும். எஸ்தர் அம்மையார் வாழ்நாள் முழுதும் வாதாடியும் எட்டாத இடம் அதுவே. அதற்கு நம் பிள்ளைகளை ஆயத்தம் செய்வது நம் சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணிகளுள் ஒன்றாக அமைக என்று விழைகிறோம்.